மிச்சமிருக்கும் இரண்டு சுற்று

மகனுக்கு,

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சொல்லும் வேகத்திலேயே உன் மற்றக் கை வேறு எதையோ தட்டிக்கொண்டிருப்பது எனக்கு விளங்கிவிடும். கடிதத்துக்கு ஓம் போட முடியாது. ஊர் நூலகத்தில் மற்றவர்கள் எழுதியதை அடுக்கி அடுக்கியே ஓய்வுபெற்றவள் நான். இப்போது நானும் நாலு பக்கம் எழுதினால் அலுமாரி ஒன்றும் உடைந்துவிடாது. உனக்குக் கலியாணம் நெருங்குகிறது. அதற்கு முதல் இதை நீ ஓரிடத்தில் குந்தி இருந்து வாசிக்க வேண்டும். இருப்பது உனக்கு நன்றாக வருமென்பது தெரியும். நான் எழுதப்போவதும் அதைப் பற்றித்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்தாய். "அம்மா, சீனி வந்திட்டுதாம்" என்றாய். நான் கடையில் சீனி வந்திருக்கிறது என்ற மாதிரி, "ஆருக்கு?" என்றேன். "எனக்குத்தான். பயப்படாதேங்கோ. கந்தோரிலை எல்லாருக்கும் இரத்தம் பாத்தவை. டொக்டர் குளிசை தந்திருக்கிறார், நடக்கவும் சொன்னவர்." முப்பத்தொரு வயதில் உனக்கு நீரிழிவு. அந்தச் செய்தியே என்னைக் கதிரையில் இருத்திவிட்டது. ஆனால் நான் இன்றுவரை எழும்பாமல் இருப்பது அதனால் அல்ல. அதற்குப் பிறகு நீ சொன்னதால். "நீங்கள் எங்கடை பிள்ளையாருக்கு ஒரு நேர்த்தி வையுங்கோ அம்மா. அப்பாவுக்குச் சுத்தின மாதிரி எனக்கும் சுத்துங்கோ." பிறகு குரலைத் தாழ்த்தி, தாயை நோகப்பண்ணக் கூடாது என்ற மரியாதையோடு, "இந்த முறை முழுசா முடியுங்கோ" என்றாய்.

செவ்வாய்க்கிழமை உன்னைக் கட்டப்போகிற பிள்ளை எடுத்தது. பாவம், எவ்வளவு நல்ல பிள்ளை. "மாமி, அவர் எல்லாம் சொன்னவர். அவருக்கு நேரமில்லைதானே. நீங்கள் ஊரிலை சுத்துங்கோ, நான் வவுனியாவிலை சுத்திறன். ரெண்டு பேர் நடந்தால் கெதியா இறங்குமெல்லோ?" என்று கேட்டது. வியாழக்கிழமை பஸ்ஸில் உன் பார்சல் வந்தது. உள்ளே ஒரு சோடி சப்பாத்து. நடக்கிற சப்பாத்து, நல்ல மெத்தை வைத்தது. யாருக்கு நீரிழிவு? உனக்கு. யாருடைய அளவில் சப்பாத்து? என்னுடைய அளவில். போட்டுப் பார்த்தேன். அச்சொட்டாகப் பொருந்துகிறது. அதைப் பார்த்துத்தான் உண்மையில் பயந்தேன். படித்தவன், கணினியைப் பிரித்துப் பூட்டுகிறவன், உனக்கு நீரிழிவு வருத்தம் என்று வைத்தியர் சொன்னதும் கடைக்குப் போய்த் தாய்க்குச் சப்பாத்து வாங்கியிருக்கிறாய். கடைக்காரனும் ஒன்றும் கேட்கவில்லைப் போலிருக்கிறது. அவனுக்கும் தாய் இருப்பாள்.

அப்பாவின் கதையை நீ அரைகுறையாகத்தான் அறிவாய். அந்த நேரம் நீ கொழும்பில் சோதனை எழுதிக்கொண்டிருந்தாய். செத்தவீட்டில் கேட்டதைத்தான் கொண்டு போனாய். செத்தவீட்டில் கதைப்பதை வைத்து ஒருவன் வாழ்க்கையை நடத்தினால் எங்கே போய் முட்டுவான் என்பதற்கு நீயே சாட்சி. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

எனக்கும் அப்பாவுக்கும் ஒரே நாளில்தான் நீரிழிவு கண்டுபிடித்தார்கள். ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் இலவசமாக இரத்தம் பார்த்தார்கள். இலவசம் என்றபடியால் போனோம். இரண்டு பேருக்கும் ஏறத்தாழ ஒரே கணக்கு. வீட்டுக்கு வரும் வழியில் அப்பா, "இருபது வரியம் ஒண்டாய்ச் சாப்பிட்டதுக்கு இதுதான் அத்தாட்சி" என்றார். சந்தோசமாகத்தான் சொன்னார். மன்னார் ஆஸ்பத்திரியில் கிளினிக்கில் பதிந்தார்கள். அங்கே இருந்த பெண் வைத்தியர் இரண்டு பேரையும் முன்னால் இருத்தி, குளிசையைக் காட்டி, சோற்றைக் குறைக்கச் சொல்லி, "எல்லாத்தையும்விட, ஒவ்வொரு நாளும் நடவுங்கோ" என்றார். அப்பா மரியாதையாகத் தலையாட்டினார். வெளியே வந்ததும் சொன்ன வசனத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "இஞ்சரும், நான் நடந்த நடை ஏழு பிறப்புக்குக் காணும்."

அதில் பொய்யில்லை. சண்டைக்காலத்தில் குண்டுச் சத்தத்துக்கு முன்னால் பிள்ளைத்தாச்சியான என்னையும் பெட்டியையும் கூட்டிக்கொண்டு கடற்கரை வரைக்கும் நடந்த மனிதன். படகேறி இந்தியாவுக்குப் போய், முகாமிலிருந்து கூலி வேலைக்கு விடியப் போய்ப் பொழுதுபட வருவதும் நடந்துதான். பஸ்ஸுக்குக் கொடுக்கிற காசு உன் பால்மாவுக்கு ஆகும் என்று நடந்தார். அந்த நாளில் அவர் உடம்பில் ஒரு கைப்பிடி கொழுப்பு இருக்கவில்லை. ஊருக்குத் திரும்பி, வயலைத் திருத்தி, இரண்டு போகம் விளைந்ததும் அவர் வாங்கிய முதல் சாமான் மோட்டார் சைக்கிள். அன்றைக்கே தீர்மானித்துவிட்டார்: இனி நடப்பதில்லை. அவருக்கு நடை என்றால் ஓட்டம், பசி, முகாம். இருப்பது என்றால் வீடு. வாசலிலிருந்து தெருப் படலைக்குப் போவதற்கும் சைக்கிளை உதைத்து ஸ்டார்ட் பண்ணினார். அதை நான் பகிடி பண்ணியிருக்கிறேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு விளங்கியது. இடம்பெயர்ந்து நடந்த சனத்துக்குத்தான் இந்தப் பிழை வரும். நடந்த தூரத்தையெல்லாம் உடம்பு எங்கோ பத்திரமாக வைத்திருக்கிறது, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பிவிட்டார். நெல்லைக் கட்டி வைக்கலாம், கருவாட்டைக் கட்டி வைக்கலாம். நடையைக் கட்டி வைக்க முடியாது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் சைக்கிள் சத்தத்தில் கேட்டிருக்காது.

வயல் வேலை இருக்கிறதே என்பாய். வயல் வேலையையும் அந்த நேரம் ஆள் செய்யவில்லை, மெசின் செய்தது. உழ மெசின், வெட்ட மெசின். அப்பா வரம்பில் குடை பிடித்துக்கொண்டு சைக்கிளில் இருந்து மெசினைப் பார்ப்பார். பார்த்துக் களைத்து வருவார். வந்து, தானே அரிவாள் பிடித்து வெட்டிய மனிதன் மாதிரிச் சாப்பிடுவார். வைத்தியர் சீனியை நிற்பாட்டச் சொன்னதும் நிற்பாட்டினார். பதிலுக்குப் பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் குடித்தார், பனங்கட்டி மருந்து என்பதால். குரக்கன் புட்டு நல்லது என்று யாரோ சொன்னார்கள். சோற்றைச் சாப்பிட்டு முடித்த பிறகு, நல்லதையும் சாப்பிட வேண்டும் என்று குரக்கன் புட்டும் சாப்பிட்டார். சிரிக்காதே. நீ குளிசையைப் போட்டுவிட்டு எந்தச் சோடாவைக் குடிக்கிறாய் என்று அந்தப் பிள்ளை என்னிடம் சொல்லிவிட்டது.

நடை விஷயத்துக்குத் தீர்வு கண்டுபிடித்தவள் அப்பாவின் தங்கை, உன் கிளி மாமி. தமையன் மேல் உயிரையே வைத்திருப்பவள். "டொக்டர் நடக்கச் சொன்னதை ஏன் சும்மா றோட்டிலை நடந்து வீணாக்குவான்? பிள்ளையாற்றை வீதியிலை சுத்தினால் நடையுமாச்சு, நேர்த்தியுமாச்சு" என்றாள். இது நல்ல யோசனைதான், நான் குறை சொல்லமாட்டேன். ஒவ்வொரு நாளும் பின்னேரம் கோவில் வெளிவீதியைப் பதினொரு சுற்று. அப்பா ஆரம்பித்தார். நாலு நாள் சுற்றினார். ஐந்தாம் நாள் முழங்கால் பிடித்தது. ஆறாம் நாள் முழங்கால் விட்டது, ஆனால் வயலுக்கு மருந்தடிக்க ஆள் வந்தது. ஏழாம் நாள் கிளி மாமி தன் முடிவைச் சொன்னாள்: "நேர்த்தியை இடையிலை விடக்கூடாது. அண்ணைக்கு ஏலாட்டி மச்சாள், நீங்கள் சுத்துங்கோ. புருசனுக்குப் பெண்சாதி செய்யிறது அவருக்குச் சேரும்."

நான் புத்தகம் வாசித்தவள். அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். எனக்குக் கேள்வியே வரவில்லை, ஏனென்றால் பிறந்த நாள் தொட்டு நான் பார்த்தது இதைத்தான். நம் பக்கத்தில் மகனுக்குச் சோதனை என்றால் தாய் விரதம் இருப்பாள். படிக்காதது அவன், பட்டினி கிடப்பது அவள். புருஷனுக்குச் சனி மாறினால் பெண்சாதி எள்ளெண்ணெய் எரிப்பாள். தமையன் வெளிநாடு போகத் தங்கை கோவில் வீதியில் அடிக்கு அடி விழுந்து எழும்பி அடி அழிப்பாள். வீடுகளில் வேலை பங்கிட்டிருக்கிறார்கள்: ஆண்களுக்கு வருத்தம், பெண்களுக்கு விரதம். இதுவரை எந்த ஆணும் இந்தப் பங்கீட்டை எதிர்த்ததாக நான் கேள்விப்படவில்லை. ஆகவே நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தேன். எனக்கும் நீரிழிவு இருக்கிறது என்பது அந்த நேரம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு மேல் நடந்தேன். மழை இருட்டினாலும், சோளகக் காற்று மண்ணை அள்ளிக் கண்ணில் போட்டாலும் நடந்தேன். அப்பா ஒரு நாளும் என்னைத் தனியே அனுப்பவில்லை, அதைச் சொல்ல வேண்டும். சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வருவார். வீதி மூலையில் நிற்கும் வேம்பின் கீழே சைக்கிளை விட்டு, அதன் மேலேயே குந்தியிருப்பார். பக்கத்தில் கடை வைத்திருக்கும் பூக்காரி தேநீர் கொடுப்பாள். நான் ஒவ்வொரு முறை சுற்றி வரும்போதும், "இன்னும் முடியேல்லையோ?" என்பார். நேர்த்தி நடையில் கதைக்கக் கூடாது என்று நான் மிச்சச் சுற்றை விரலில் காட்டிவிட்டுப் போவேன். "என்னப்பா, ஊர்வலம் மாதிரிப் போறீர். கெதியா நடவும், எனக்கு இடுப்பு நோகுது" என்பார். தனக்காக நடக்கப்படும் நடையின் வேகம் அவருக்குப் போதாது. பூக்காரி, "ஐயா, நீங்களும் ஒரு சுத்து இறங்கி நடக்கலாமே" என்று கேட்டால், "நான் நடந்தால் அவவின்ரை கணக்குப் பிழைச்சுப் போம்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை நீ அப்படியே வைத்திருக்கிறாய்.

அந்தக் கடைசி நாள் மத்தியானமே, "வாய்வு பிடிச்சிட்டுது போலை" என்றார். இஞ்சி போட்டுக் கொடுத்தேன். ஒரு சோடா உடைத்துக் குடித்தார். ஏப்பம் வந்ததும் சரியாகிவிட்டது என்றார். கொஞ்சம் வியர்த்தது. மன்னாரில் அந்த மாதம் வியர்க்காதது சுவர் மட்டும்தான். நெஞ்சு நோகவில்லை. இந்த வசனத்தைத் திருப்பி வாசி. நெஞ்சு நோகவேயில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு இருதயம் அடைபடும்போது நோ தெரியாமலே போகலாம், வியர்வையும் வாய்வும் மாதிரித்தான் வரலாம் என்று பிறகு வைத்தியர் சொன்னார். அப்போது எங்களுக்குத் தெரிந்தது வாய்வு ஒன்றுதான். ஆகவே பின்னேரம் வழக்கம்போலக் கோவிலுக்குப் போனோம். நான் நடந்தேன். அவர் வேம்படியில் இருந்தார். சுற்றுக்குச் சுற்று, "இன்னும் முடியேல்லையோ?" என்றார். ஒன்பதாவது முறை நான் வேம்பைத் தாண்டியபோது அவர் கேட்கவில்லை.

இவ்வளவுதான் மகனே. ஒரு மனிதன் தினமும் கேட்கிற கேள்வியைக் கேட்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். சைக்கிளின் பெற்றோல் ராங்கியின் மேல் நெற்றியை வைத்துச் சாய்ந்திருந்தார். சேட்டு, கிணற்றில் தோய்த்து எடுத்ததுபோல நனைந்திருந்தது. "இஞ்சருங்கோ" என்றேன். தலையை நிமிர்த்தினார். "நீர் முடிச்சிட்டு வாரும்" என்றார். அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. நான் முடிக்கவில்லை. நேர்த்தியும் நேரமும் அப்படியே நிற்க, பூக்காரி கத்திய கத்தலில் ஓட்டோ வந்தது. கிளி மாமியும் ஓடிவந்து ஏறிக்கொண்டாள். மன்னார்ப் பாலத்தில் ஓட்டோ பறந்துகொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் தண்ணீர், எதிர்க்காற்று. அப்பாவின் தலை என் மடியில். உன் மாமி என் காதுக்குள் குனிந்து கேட்டாள்: "மச்சாள், எத்தினை சுத்து மிச்சம்?"

நான் சொன்னேன், "ரெண்டு." ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிடுகிற பழக்கம். ஆஸ்பத்திரியில் இறக்கும்போது அவர் இல்லை. செத்தவீட்டில் கிளி மாமி அழுத அழுகையின் நடுவே அந்த இரண்டு சுற்றும் வந்தது. "ரெண்டே ரெண்டு சுத்து! குறையிலை விட்டதாலை என்ரை அண்ணையைக் கொண்டு போயிட்டான்!" அவளை நான் கோபிக்கவில்லை, துக்கத்துக்கு ஒரு காரணம் வேண்டும், கைக்குக் கிட்ட இருந்த காரணம் நான். நீ அப்போதுதான் கொழும்பிலிருந்து வந்து வாசலில் நின்றாய். ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவு வருடமும் ஒன்றும் சொல்லவில்லை. நீ மறந்துவிட்டாய் என்று நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது, மறக்கவில்லை, மரியாதைக்காகப் பேசாமல் இருந்திருக்கிறாய்.

அப்பாவின் அந்தரட்டிக் கிரியைகள் முடிந்து என் கிளினிக்குக்குப் போனேன். இரத்தம் எடுத்தார்கள். அதே பெண் வைத்தியர். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பத் தாளைப் பார்த்தார். "அம்மா, நல்லாய் இறங்கியிருக்கு. பிறசரும் நல்லம். குளிசையைக் கூடக் குறைக்கலாம். என்ன செய்தனீங்கள்?" என்று சிரித்தார். நான் சொன்னேன், "நான் ஒண்டும் செய்யேல்லை டொக்டர். அவருக்காகத்தான் நடந்தனான்." அவருக்கு விளங்கவில்லை. முழுவதையும் சொன்னேன். பேனையை வைத்துவிட்டார். வெளியில் கிளினிக்குச் சனம் முட்டிக்கொண்டு நிற்கிறது, அவர் அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை. கடைசியில், "அம்மா, அவருக்குக் குடுத்த குளிசையை எப்பவாவது நீங்கள் விழுங்கினீங்களோ?" என்று கேட்டார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. "சீ, அதென்ன கதை! அவரின்ரை குளிசையை நான் ஏன் விழுங்கிறன்?" என்றேன். சொல்லி வாயை மூடும்போதுதான் என் காது அதைக் கேட்டது.

பிறகு அவர் ஆறுதலாகச் சொன்னார். நீரிழிவுக்காரரைப் பெரும்பாலும் கொண்டுபோவது சீனி நேரடியாக அல்ல, அது கெடுத்து வைக்கிற இருதயமும் இரத்தக்குழாயும் சிறுநீரகமும்தான். கால் நடக்கும்போது தசை இரத்தத்திலிருக்கும் சீனியைத் தானே இழுத்துக்கொள்கிறது. பிறசர் இறங்குகிறது, இருதயம் பழகுகிறது. நீரிழிவு வந்தவர்களையே எடுத்து ஆண்டுக்கணக்காகப் பார்த்தால், உடம்பை அசைக்கிறவர்கள், அசைக்காமல் இருக்கிறவர்களைவிடக் குறைவாகவே அகாலத்தில் போகிறார்கள் என்று உலகத்தில் பல இடங்களில் கண்டிருக்கிறார்கள் என்றார். பெரிய ஓட்டம் வேண்டியதில்லை, ஒன்றுமே செய்யாதவன் கொஞ்சம் நடக்கத் தொடங்கினாலே பலன் இருக்கிறது, பிந்தித் தொடங்கினாலும் இருக்கிறது என்றார். "அப்ப அவர் நடந்திருந்தால் இருந்திருப்பாரோ?" என்று கேட்டேன். நல்ல மனுசி, பொய் சொல்லவில்லை. "அப்பிடி ஒருத்தருக்கு நிச்சயம் சொல்லேலாது அம்மா. நடந்த ஆக்களும் சாகினம். ஆனால் இருந்தே இருக்கிறது ஆபத்தைக் கூட்டும், நடக்கிறது குறைக்கும். எந்தக் கால் நடக்குதோ அந்த ஆளுக்குத்தான்."

வெளியே வந்தேன். பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் தெருவோரம் மன்னார்க் கழுதைகள் நாலைந்து வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நான் அவைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன், இரண்டு பஸ் போய்விட்டது. தாய்க் கழுதை தன் பாட்டில் நடக்கிறது. குட்டி தன் பாட்டில் நடக்கிறது. ஒன்றுக்காக ஒன்று நடக்கலாம் என்ற எண்ணம் அவைகளில் ஒன்றுக்கும் வரவில்லை. அந்த எண்ணம் வருவதற்குத்தான் எங்களுக்கு மூளை தந்திருக்கிறது. இரண்டு வருடம் நான் ஒவ்வொரு அடியையும் அவர் பெயரைச் சொல்லி வைத்தேன். ஒவ்வொரு அடியும் எனக்கு வந்து சேர்ந்தது. அவர் வேம்படியில் இருந்து என் ஆயுளைக் காவல் காத்திருக்கிறார். கிளி மாமிக்கு இதைச் சொன்னேன். "அப்ப நேர்த்தி பலிச்சுத்தான் இருக்கு மச்சாள். ஆள் மாறிப் பலிச்சிட்டுது" என்றாள். அவளோடு வாதாட முடியாது. ஆனால் அடுத்த கிழமையே அவள் தன் மகனை அதிகாலையில் எழுப்பி வீட்டுக்கு வெளியே தள்ளிப் படலையைப் பூட்டிவிட்டாள். நடந்து முடித்து வந்தால்தான் திறப்பு. மாமியின் நம்பிக்கையை மாற்ற முடியாவிட்டாலும் மகன் படலையின் எந்தப் பக்கம் நிற்பான் என்பதை மாற்ற முடிந்தது.

இனி உன் விஷயம். நான் உனக்காக நடக்க மாட்டேன். நான் நடப்பேன், அது வேறு. சப்பாத்துக்கு நன்றி, காலையில் கடற்பக்க றோட்டில் போட்டுக்கொண்டு போகிறேன், மெத்தை மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு அடியும் எனக்கு. பிள்ளையாரிடம் உனக்காகக் கும்பிடுவேன், தேங்காய் உடைப்பேன், அதை யாரும் தடுக்க முடியாது. கும்பிடுவது தாயால் முடியும். உன் துடையிலிருக்கும் தசையை இங்கிருந்து அசைப்பது பிள்ளையாராலும் கஷ்டம். அதற்கு அவர் உனக்குக் கால் தந்து அனுப்பிவிட்டார். உன் கந்தோரில் ஏழாம் மாடிக்கு லிப்ட் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னாய். அது நல்ல லிப்டாகவே இருக்கட்டும், மற்றவர்கள் போகட்டும். எடுத்த எடுப்பில் ஏழு மாடியும் ஏறி மூச்சு வாங்காதே. உன் வைத்தியரிடம் கேட்டு, கொஞ்சத்தில் தொடங்கு. நடக்கும்போது செருப்போ சப்பாத்தோ போடு. இரவில் உள்ளங்காலைப் பார். நீரிழிவுக்காரனின் காலில் முள் ஏறினால் அவனுக்கு முதலில் தெரியாது, புண்ணுக்குத்தான் தெரியும். குளிசையை விடாதே, நடக்கிறேன்தானே என்று அதை நிற்பாட்டுகிற வீரமும் நம் குடும்பத்தில் இருக்கிறது. "வாய்வு" என்று ஒரு நாளும் சொல்லாதே. வியர்த்து மூச்சு முட்டினால் சோடா தேடாதே, ஆஸ்பத்திரியைத் தேடு.

அந்தப் பிள்ளைக்கு நான் அன்றே பதில் சொல்லிவிட்டேன். "பிள்ளை, நீர் நல்லாய் நடவும். உமக்காக நடவும். அவனுக்காக ஒரு அடி வைக்காதையும்" என்றேன். அது திகைத்துப் போய், "அப்ப அவருக்கு ஆர் மாமி நடக்கிறது?" என்று கேட்டது. "அவனுக்கு ரெண்டு கால் இருக்கு. பெத்தவுடனை நான் எண்ணிப் பாத்தனான்" என்றேன். பிறகு அது சிரித்த சிரிப்பில் எனக்கு நிம்மதி வந்தது. தாலி கட்டுகிற அன்றைக்கே அதன் தலையில் உன் நடையையும் கட்டிவிடப் பார்த்தாயே, அதை நினைத்தால் இன்னும் நெஞ்சு திடுக்கிடுகிறது. இன்னொரு பெண் இன்னொரு வேம்பைச் சுற்றி, கேள்வி நின்றுபோன ஒரு மனிதனைத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

நீ நடை பழகியது முகாமின் மண் ஒழுங்கையில். விழுந்தால் கையை நீட்டிக்கொண்டு என்னிடம் வருவாய், நான் தூக்கிவிடுவேன். அப்பா கூலியால் களைத்து வந்து வாசலில் இருந்து, "இறக்கி விடும் அவனை. அவன்ரை காலிலை அவன் நடக்கட்டும்" என்று சத்தம் போடுவார். தன் விஷயத்தில் மறந்ததை உன் விஷயத்தில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நான்தான் கேட்கவில்லை. இப்போது இறக்கிவிடுகிறேன்.

கலியாணம் முடிந்து நீங்கள் இருவரும் ஊருக்கு வருகிற அன்று பின்னேரம் பிள்ளையாரிடம் போக வேண்டும். வாகனத்தைக் கோவில் வாசல்வரை கொண்டுவர வேண்டாம், சந்தியில் நிற்பாட்டச் சொல்லியிருக்கிறேன். வெளிவீதியில் அப்பாவின் இரண்டு சுற்று இன்னும் கிடக்கிறது. இந்த முறை முழுதாக முடிய வேண்டும் என்று நீதானே சொன்னாய். முடி. மண் ஆறின பிறகு, கோவில் வீதி என்றபடியால் இந்த ஒரு நாள் மட்டும் வெறுங்காலோடு நட. அன்றைக்குக் காலையிலேயே நெருஞ்சி முள்ளையெல்லாம் நான் கூட்டி வைத்திருப்பேன். உனக்காக நான் செய்கிறது அவ்வளவுதான். அந்தப் பிள்ளை விரும்பினால் கூட நடக்கட்டும், தன் பாட்டில். நான் வேம்படியில் ஒரு கதிரை போட்டு, பூக்காரியிடம் சீனியில்லாத தேநீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருப்பேன். நம் வீட்டில் யாராவது ஒருவர் அந்த இடத்தில் இருக்க வேண்டும் போலிருக்கிறது, இந்த முறை என் முறை. நீ சுற்றி வரும்போது நான் கேட்பேன், "இன்னும் முடியேல்லையோ?" என்று. நேர்த்தி என்று வாயை மூடிக்கொண்டு விரலைக் காட்டாதே. எனக்குக் கேட்கும்படி பதில் சொல்லிக்கொண்டு போ.

அம்மா